உளி தின்ற இடம்

பிப்ரவரி 6

அக்கா,

நல்லா இருக்கியான்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கணும். கேட்டா அதுக்கும் பதில் வராது, அதனால நேரா விஷயத்துக்கு வரேன். போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கற. எடுத்தாலும் பெட்டி மூடி உச்சியில நிக்கிற கொண்டையைப் போன்ல வரைஞ்சு காட்ட முடியாது. அதான் காகிதம். உன்ன மாதிரி எழுத எனக்கு வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். தப்பு இருந்தா சிவப்பு மையில வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பாதே.

அம்மாவோட சாம்பல் மின்மயானத்துல குடுத்த பிளாஸ்டிக் டப்பாவுலயே இருக்கு. பட்டறை அலமாரியில, வார்னிஷ் டின்னுக்கும் உப்புத்தாள் கட்டுக்கும் நடுவுல. ரெண்டு மாசமா அதைப் பாத்துக்கிட்டேதான் லேத் ஓட்டுறேன். ஊருக்கெல்லாம் மரப்பெட்டி கடைஞ்சு குடுக்கிறவன் வீட்டுல பெத்தவ பிளாஸ்டிக்ல இருக்கா. வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க.

அம்மா கட்டில் காலு ஒண்ணைக் கழட்டிட்டேன். தலைமாட்டுப் பக்கம், இடது. பழைய தேக்கு, இரும்பு மாதிரி இருக்கு. அதுல ஒரு பெட்டி கடையப் போறேன். பெட்டி உடம்பு எனக்குப் பிரச்சனை இல்ல, கை தானா போகும். மூடியும் கொண்டையும்தான் வர மாட்டேங்குது. வேற கட்டையில செஞ்சு பாத்தேன். ஒண்ணு சதுரங்கக் காய் மாதிரி இருக்கு. இன்னொண்ணைப் பாத்துட்டு என் வீட்டுக்காரி, "இது என்னங்க, கதவுக் குமிழா? பிடிச்சு இழுத்தா அத்தை உள்ளேர்ந்து 'யாரு'ன்னு கேப்பாங்க போலிருக்கே"ன்னா. சிரிச்சா, அப்புறம் அழுதா.

இருபது வருஷமா நீ வரைஞ்சு நான் கடைஞ்ச மூடிங்க. இதையும் நீயே வரைஞ்சு குடு. வெளி விட்டம் நாலு அங்குலம் வரும். மூடியைப் பசை வச்சு ஒட்டிடப் போறேன், அதனால உடம்போட உதடு மூடிக்குள்ள எப்படி உட்காரும்னு எல்லாம் யோசிக்க வேண்டாம். கொண்டை கருங்காலியில. உயரமா, ஒல்லியா, கண்காட்சிக்குப் பண்ணினோமே அது மாதிரி.

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. சிவப்பு வட்டம் போடவில்லை. போட்டால் காகிதம் தாங்காது.

முதலில் வேலையைப் பற்றி. ஒட்டிய மூடிக்குக் கொண்டை எதற்கு? அதை இன்னும் அலங்காரம் என்றே நினைக்கிறாய். அது கைப்பிடி. இங்கே பிடி, இப்படித் தூக்கு என்று விரலுக்குச் சொல்வதற்காக இருப்பது. தூக்க முடியாத மூடியின்மேல் கொண்டை வைப்பது சுவரில் கதவை வரைந்து வைப்பதைப் போன்றது. கண்காட்சிக்கு நீ கேட்டாய் என்று அந்த ஊசிக் கொண்டைகளை வரைந்து தந்தேன். அதற்காக எனக்கு இன்னும் வெட்கம்தான். அந்தப் பெட்டிகளை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. புகைப்படம் எடுத்தார்கள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்கள்.

அடுத்தது. இரண்டு மாதமாக அம்மாவைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வதாக எழுதியிருக்கிறாய். நான் பார்க்கவே இல்லை. "அக்கா, அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல. அவசரம் இல்ல, வேலைய முடிச்சுட்டு மெதுவா வா" என்று செய்தி அனுப்பியது நீதான். நான் வேலையை முடித்தேன். விடைத்தாள்களைத் திருத்திக் கட்டி ஒப்படைத்துவிட்டு மெதுவாகத்தான் வந்தேன். வந்தபோது கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். உன் பட்டறை நண்பர்கள் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு யாரு வேணும்?" என்று கேட்டார்.

ஆகவே என் நிபந்தனையைக் கேள். மூடி திறக்க வேண்டும். உள்ளே ஒரு பிடி சாம்பல் எனக்கு. பெட்டி என்னிடம் வரட்டும். மீதியை நீ வைத்துக்கொள். கட்டிலுக்கு இன்னும் கால்கள் இருக்கின்றன. சம்மதம் என்றால் எழுது, வரைகிறேன். இல்லையென்றால் கதவுக் குமிழே இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 1

அக்கா,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு லேத்தை நிறுத்திட்டேன். கோவத்தோட உளியைப் பிடிச்சா விரல் போயிடும்.

ஒரு பிடி வேணுமாம். பங்கு பிரிக்க அம்மா என்ன வீட்டு மனையா? ஒரு வருஷம் நான் தூக்கி உட்கார வச்சேன், குளிப்பாட்டினேன். என் வீட்டுக்காரி துணி மாத்தினா, ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. நீ லீவுக்கு வந்து ரெண்டு நாள் பக்கத்துல உட்கார்ந்துட்டு, "ஜன்னலைத் திறந்து வை, காத்து வரட்டும்"னு சொல்லிட்டுப் போனே. காத்து வந்துச்சு. நீ வரல.

இதைச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், சொல்ல வச்சுட்ட. கடைசி வாரம் அம்மாகிட்ட, அக்காவைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். "வேண்டாம்டா. அவ வந்தா அளப்பா"ன்னா. அவ்வளவுதான். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

கொண்டையைப் பத்திப் பாடம் எடுத்திருக்க. கண்காட்சியில வந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "கொண்டை பிரமாதம்." முட்டை ஓடு கனத்துக்குச் சுவர் கடைஞ்சு வச்சிருந்தேன், வெளிச்சத்துல பிடிச்சா விரல் நிழல் தெரியும். ஒருத்தர் அதைத் தொட்டுப் பாக்கல. "கொண்டை யார் வரைஞ்சது?"ன்னுதான் கேட்டாங்க. எங்க அக்கான்னு சொன்னேன். கேட்ட ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். நீ என்னடான்னா பெட்டி அடியில என் முத்திரை மட்டும் இருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரியறியாம். சித்தி வந்து சொல்லிட்டுப் போனா. சித்திக்கு இதெல்லாம் சொல்றதுக்குன்னா முட்டி வலி இருக்காது.

கட்டில் காலை லேத்துல உருண்டையாக் கடைஞ்சு எடுத்து, மூடித் துண்டையும் உடம்பையும் வெட்டிப் பிரிச்சு வச்சாச்சு. வரைபடம் இல்லாம இதுக்கு மேல போக முடியாது. ஒரு பிடி தரேன். உன்கூட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல. வரைஞ்சு அனுப்பு.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

"அவ வந்தா அளப்பா." இதை எழுதும்போது உனக்கு ஒரு திருப்தி இருந்திருக்கிறது. கடிதம் முழுவதும் கிறுக்கல், அந்த இடத்தில் மட்டும் கையெழுத்து நிதானமாக இருக்கிறது.

ஆம், அளந்தேன். அந்த விடுமுறையில் வந்திருந்தபோது, அம்மாவால் மாத்திரை டப்பாவைத் திறக்க முடியவில்லை. மூடியில் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. உன் பட்டறையிலிருந்து கனம் அளக்கும் காலிப்பரை எடுத்து வந்து அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்தேன். எவ்வளவு தூரம் மூடுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்ப்பதற்கு. வீங்கிப்போன மூட்டுகள், ஒன்றையொன்று தொடுவதற்கு வெகு முன்பே விரல்கள் நின்றுவிட்டன. "என்னடி இது, என்னை மரக்கட்டைன்னு நினைச்சியா, அளந்து அளந்து பாக்குற?" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். நான் காலிப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த அளவுக்கு ஒரு மாத்திரைப் பெட்டி வரைந்து உனக்கு அனுப்பினேன். லேத்துக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்டியிருப்பாய், தேடிப் பார். கண்காட்சி முடியட்டும் என்று சொன்னாய்.

சித்தி சொன்னது பாதி. அடியில் உன் முத்திரை மட்டும் இருக்கிறது என்று சொன்னேன். அது புகார் இல்லை, தகவல்.

வரைபடம் இத்துடன் இருக்கிறது, முழு அளவில். கொண்டை ஒல்லியாக இல்லை. அதன் இடுப்பு அந்த மாத்திரைப் பெட்டிக்கு எடுத்த அதே அளவு, அதாவது அம்மாவின் விரல்கள் நின்ற இடம். மேலே வழுக்காமல் இருக்க ஒரு சிறு தொப்பி. முனை கூராக வேண்டாம். அடியில் மூடிக்குள் இறங்கும் முளையை மட்டும் மெல்லியதாகத்தான் வைக்க முடிந்தது. மூடியின் மேற்புறத்தில் அதற்கு மேல் மரம் இல்லை.

மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் வழக்கமாக ஒரு வளையம் வரைவேன். வெட்டிப் பிரிக்கும்போது உளி கொஞ்சம் மரத்தைத் தின்றுவிடும், அங்கே மேல் ரேகையும் கீழ் ரேகையும் சேராது. வளையம் இருந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். இந்த முறை வளையம் இல்லை. சேராதது சேராததாகவே தெரியட்டும்.

கடைசியாக, மூடி தளர்வாக உட்கார வேண்டும். உன் ஊர் காய்ந்த மேடு, இங்கே கடல் ஈரம், மரம் ஊதும். உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று ஆகக் கூடாது.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

முடிச்சுட்டேன். பார்சல்ல போட்டாச்சு.

மாத்திரைப் பெட்டி வரைபடம் நீ சொன்ன ஆணியிலயேதான் இருந்துச்சு. தூசி தட்டிப் பாத்துட்டுத் திரும்ப மாட்டிட்டேன். நீ அளந்துட்டுப் போனதுக்கப்புறம் அம்மாவால அந்தக் கையால எதையும் பிடிக்க முடியல. மாத்திரைய நான்தான் வாயில போட்டேன். பெட்டி இருந்திருந்தாலும் நான்தான் திறந்திருக்கணும். அதுக்காகச் செய்யாம விட்டது சரின்னு சொல்ல வரல. நடந்ததைச் சொல்றேன்.

கொண்டை வெங்காயம் மாதிரி குண்டா இருக்கு. கருங்காலியைப் போயி இப்படி வீணாக்கச் சொல்றாளேன்னு உன்னைத் திட்டிக்கிட்டேதான் கடைஞ்சேன். முடிச்சு மூடியில நட்டு வச்சேன். வீட்டுக்காரி வந்து தூக்கிப் பாத்தா. "இது என்னங்க, விரலு தானா போய் உட்காருது"ன்னா. நானும் பிடிச்சேன். விரல் இன்னும் மூடப் பாக்குது, அது விட மாட்டேங்குது. அம்மாவுக்கு இந்த இடத்துலதான் நின்னுச்சா? ஒரு வருஷம் அந்தக் கையைப் பிடிச்சுத் தூக்கியிருக்கேன். எனக்குத் தெரியல.

ஒரே ஒரு இடத்துல உன் பேச்சைக் கேக்கல. மூடி தளர்வா இருக்கணும்னே. மனசு வரல. லொடலொடன்னு ஆடுற மூடியை என் பட்டறையிலேர்ந்து அனுப்ப மாட்டேன், அதுவும் இந்தப் பெட்டிக்கு. காத்தை உறிஞ்சிக்கிட்டு 'டப்'புனு உட்காருது. இந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இந்த வேலையே செய்யறேன், உனக்குத் தெரியும்.

பசை போடல. உள்ள வெள்ளைத் துணியில கட்டி வச்சிருக்கேன். என் கையால ஒரு பிடி அள்ளினது. அளவு சரியில்லன்னு எழுதாதே.

தம்பி


மே 20

தம்பிக்கு,

பார்சல் சென்ற மாதமே வந்துவிட்டது. உடனே திறக்கவில்லை. அது என் விஷயம். மேசைமேல் இருந்தது. கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன்.

வேலை நன்றாக இருக்கிறது. மூடியின் வளைவு நான் வரைந்த கோட்டைவிட மேலானது. ரேகை சேராத இடம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தெரிகிறது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறக்கலாம் என்று உட்கார்ந்தேன். மூடி அசையவில்லை. திருகினேன். ரப்பர் கையுறை போட்டுத் திருகினேன். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினேன், மேசை விளக்கின் அடியில் ஒரு பகல் முழுக்க வைத்திருந்தேன். மயிரிழைகூட நகரவில்லை. பூதக்கண்ணாடியை வைத்து மூடியும் உடம்பும் சேரும் சேர்க்கையைப் பார்த்தால் உள்ளே ஏதோ பளபளக்கிறது.

ஒட்டிவிட்டாய். முதல் கடிதத்திலேயே ஒட்டப் போவதாகத்தான் எழுதினாய். நான் கேட்டதற்காகச் சரி என்றாய், பிறகு நினைத்ததைச் செய்தாய். சிறுவயதிலிருந்தே உன் வழக்கம் இது. தலையை மட்டும் ஆட்டுவாய்.

பெட்டியை ஆட்டினால் சத்தம் எதுவும் வரவில்லை. உள்ளே ஒரு பிடி இருக்கிறதா, அல்லது வெறும் துணியா? எனக்கு அம்மாவிடமிருந்து வர வேண்டியது இது ஒன்றுதான். நகையோ வீடோ நான் கேட்கவில்லை. அவள் முகத்தைக் காட்டு என்று கேட்கவும் இனி வழி இல்லை.

ஒரு வரி போதும். ஒட்டினாயா?

அக்கா


ஜூன் 2

அக்கா,

ஒட்டல.

ஒரு வரி கேட்டே, குடுத்துட்டேன். மீதியைப் படிச்சாப் படி, படிக்காட்டிப் போ.

பளபளக்கிறது மெழுகு. உதட்டுல மெழுகு தேய்ச்சுத்தான் அனுப்புவேன்னு இருபது வருஷமா உனக்குத் தெரியும். மரம் ஊதியிருக்கு, வேற ஒண்ணும் இல்ல. இறுக்கமா வச்சது என் தப்பு. நீ எழுதியிருந்தே, நான் கேக்கல. ஆனா பெட்டி வந்த அன்னிக்கே தொட்டிருந்தா திறந்திருக்கும். மழை வர்ற வரைக்கும் மேசையில வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தது யாரு? எல்லாத் தாமதத்தையும் என் கணக்குல எழுதினா எப்படி?

வெறும் துணியான்னு கேட்டிருக்க. பெத்தவ சாம்பல்ல ஏமாத்துற ஆளுன்னு என்னை நினைச்சுட்ட. அந்த வரியைப் படிச்சுட்டு வீட்டுக்காரி, "போதும், இனிமே பதில் போடாதீங்க"ன்னா. போடுறேன், ஏன்னா நீ கொண்டையைப் பிடிச்சு இழுத்துடுவேன்னு பயமா இருக்கு. முளை மெல்லிசு, பட்டுனு போயிடும். இழுக்காதே. தட்டாதே. சூடு காட்டாதே. மழை ஓஞ்சு காத்து காய்ஞ்சதும் மரம் தானா சுருங்கும். ஒரு நாள் சும்மா தொடுவே, டப்புனு கையோட வந்துடும்.

அவசரம் இல்ல. மெதுவாத் திற.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரிக்கு வரும்வரை உன்னை நம்பினேன்.

மறுநாள் பெட்டியைக் கல்லூரிப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அங்கே ஒரு பயிற்றுநர் இருக்கிறார், மாணவர்கள் மில்லிமீட்டர் என்று கூப்பிடுவார்கள். பெட்டியை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யார் மேடம் கடைஞ்சது? இதைப் போயி அறுக்கச் சொல்றீங்களே! மழை ஈரம் மேடம், விட்டு வைங்க, தானா வரும்."

"அறுங்க."

"உள்ள என்ன இருக்கு?"

"தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் அறுக்கச் சொல்றேன்."

மேடை நடுவே நாடாபோல் ஓடும் மின்ரம்பத்தில், சேர்க்கையை ஒட்டியே உருட்டி உருட்டி அறுத்தார். சுத்தமான வேலை. மூடி கழன்றது. அறுபட்ட உதடு ஒரு வளையம்போல மூடிக்குள்ளேயே இறுகி இருந்தது. அதைத் தட்டி உடைத்து எடுத்துத் தந்தார். வெளிச்சத்தில் பார்த்தேன். நகத்தால் சுரண்டினேன். மெழுகு நகத்தில் வந்தது. அதன் அடியில் மரம்தான் இருந்தது.

ரம்பம் துணியின் மேல் மடிப்பையும் வாங்கிவிட்டது. சாம்பல் ரம்ப மேடையில் கொட்டியது, தேக்குத் தூளின்மேல். மில்லிமீட்டர் வேலை முடிந்தால் மேடையை ஊதிவிடுபவர். குனிந்து வாயைக் குவித்தார். "ஊதாதீங்க!" என்று கத்தினேன். கல்லூரியில் நான் கத்தி யாரும் கேட்டதில்லை. மனிதர் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரம்பத்தின் மின்சாரத்தை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

வரைபலகையில் ரப்பர் துகள் கூட்டும் தூரிகையால் கூட்டி எடுத்தேன். எது கட்டில், எது அம்மா என்று பிரிக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன், முடியவில்லை. ஒரு பிடி என்று எழுதியிருந்தாய். அதைவிட அதிகமாகவே இருந்தது.

மூடி இனி உட்காராது. உளி தின்றது போதாதென்று ரம்பமும் தின்றுவிட்டது.

மரம் ஊதும் என்று உனக்கு எழுதியவள் நான். மெழுகைப் பற்றியும் தெரியும். தெரிந்தும் அறுக்கச் சொன்னேன். இதைப் பற்றி நீ எழுதப்போவதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டுவிட்டேன், எழுத வேண்டாம்.

வேறொன்றுக்குப் பதில் எழுது. இந்த முறை "அவசரம் இல்ல" என்று நீ எழுதியது உண்மை. அப்படியானால் அந்த முறை? பொய் சொல்லி என்னை நிறுத்தி வைத்தாய் என்று எண்ணிக்கொண்டுதான் இத்தனை மாதம் இருந்தேன். பொய்யாக இருந்தால் எனக்குச் சௌகரியம்.

அக்கா


ஜூலை 5

அக்கா,

அன்னிக்கும் உண்மையைத்தான் சொன்னேன்.

கூப்பிட வேண்டாம்னு அம்மா சொல்லியும் நான்தான் உனக்குச் செய்தி போட்டேன். அன்னிக்குக் காலையில எழுந்து உட்கார்ந்து பால் குடிச்சா. என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "தலையை வாரி விடு"ன்னா. டாக்டரும் பயப்பட ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னார். அதான் அவசரம் இல்லன்னு போட்டேன். மறுநாள் போயிட்டா. உனக்குப் போன் அடிச்சேன், அடிச்சுக்கிட்டே இருந்தேன். தாள் திருத்துற கூடத்துல போனை வாங்கி வச்சுடுவாங்கன்னு நீயே சொல்லியிருக்க. அம்மாவைச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தோம். அதுக்கு மேல வைக்க முடியல.

முதல் தடவை நம்பினே, தப்பாப் போச்சு. ரெண்டாவது தடவை நம்பல, அதுவும் தப்பாப் போச்சு. நான் ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னேன். எங்கிட்ட வேற வார்த்தை இல்ல.

அந்த மனுஷன் ஊதப் போன இடத்தைப் படிச்சுட்டு வீட்டுக்காரி காகிதத்தைக் கீழ வச்சுட்டா. மீதியை நான்தான் படிச்சேன்.

இன்னொரு பெட்டி செஞ்சு தரச் சொல்லி நீ கேக்கல. கேட்டாலும் செய்ய மாட்டேன். கட்டில் எப்படியும் மூணு காலோட நிக்காது. இன்னொரு காலை எடுத்து எனக்கு ஒண்ணு கடைஞ்சுக்கிட்டேன். மீதி சாம்பல் அதுல இருக்கு. உன் வரைபடம்தான், வளையம் இல்லாம. ரேகை சேரல. அப்படியே விட்டுட்டேன். இந்தத் தடவை பசை போட்டாச்சு. சுத்தி ஒரு இடம் விடாம போட்டு, மேல கல்லை வச்சுக் காய விட்டேன். இனி எந்த மழைக்கும் எந்த வெயிலுக்கும் வராது.

கொண்டையும் கடைஞ்சு வச்சிருந்தேன், அதே கருங்காலியில, அதே இடுப்போட. ஆனா நடல. மூடி மொட்டையாத்தான் இருக்கு. கொண்டையை இந்தக் கடிதத்தோட அனுப்பறேன். உன் அளவு, நீயே வச்சுக்கோ.

திறக்காத மூடிக்குக் கொண்டை எதுக்கு? அதுல மட்டும் நீ சொன்னது சரி.

தம்பி